சுவருக்கு அந்தப் பக்கம் டீடீஎஸ்

காதலைக்கூடத் திட்டித்தான் சொல்ல முடியும் என்று நம்பிய ஒரே மனிதர் இந்த மலைநாட்டில் எங்கள் டீடீஎஸ் மாமாதான். படத்தில் கதாநாயகன் கையில் பூவோடு முட்டி போட்டு நிற்பான். மாமா அவனுக்குக் குரல் கொடுப்பார்: "ஒன்னத்தான் புடிச்சிருக்கு. எத்தன தடவ சொல்றது, காது கேக்கல?" கதாநாயகி தலைகுனிவாள். அவளுக்கும் அவரே குரல்: "கேக்குது கேக்குது, கத்தாத. எங்கப்பன் உள்ளதான் இருக்கான்."

அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு மறுபடியும் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டகொடைக்கு மேலே எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். எங்கள் காம்பராவுக்கும் மாமாவுடையதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். இந்தப் பக்கம் நாங்கள் இருமினால் அந்தப் பக்கமிருந்து "கொத்தமல்லி அவிச்சிக் குடிங்க" என்று அதட்டல் வரும். அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு மாமா. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற வேலை. தேயிலைச் செடியோடு சண்டை பிடித்துக்கொண்டேதான் வெட்டுவார். இந்த மலையில் நின்று அந்த மலையில் நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் அதே சத்தம்தான்.

ஹட்டனில் கடையொன்றில் கணக்கெழுதுகிறவன் நான். ஒருநாள் ஒரு மீடியா பிளேயர் பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டீவியில் மாட்டினால் இன்டர்நெட்டில் எந்தப் படமும் பார்க்கலாம் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. அட்டையில் போட்டவன் எங்கள் ஊர் மூடுபனியைப் பார்த்ததில்லை. சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சரி, பென் டிரைவில் படம் ஏற்றிவந்து பார்ப்போம் என்றால், படம் கண்ணாடி மாதிரி வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. திரையின் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி: டீடீஎஸ் ஆடியோ நாட் சப்போர்டட்.

லயத்து ஆட்கள் பாதிப்பேர் எங்கள் காம்பராவுக்குள் இருந்தார்கள். மாமா என்னிடம் கேட்டார்.

"என்னா மாப்ள சொல்லுது?"

"சத்தத்த சப்போர்ட் பண்ணாதாம் மாமா."

"மூஞ்சிக்கு நேராவா சொல்லுது? ஓட்டு கேட்டு வர்றவன்கூட சப்போர்ட் பண்றேன்னு சொல்லிட்டுத்தான் போறான். ஒரு பெட்டிக்கு இம்புட்டுத் திமிரா?"

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஹட்டனுக்குப் பஸ் ஏறினார். கடைக்காரர் பொறுமையானவர். "அய்யே, மேக்கே டீடீஎஸ் சப்போர்ட் நே" என்றார். மாமா தன் சிங்களத்தில் "அய் நெத்தே?", அதாவது ஏன் இல்லை, என்று மேசையில் கையை ஊன்றினார். அந்தச் சத்தத்துக்குப் பெட்டியில் லைசன்ஸ் இல்லை என்று கடைக்காரர் விளக்கினார். வந்ததே கோபம் மாமாவுக்கு. அதற்குப் பிறகு சிங்களம் போய்த் தமிழ்தான். "லைசன்ஸ் இல்லாத பஸ்ஸ ரோட்டுல விடுவீங்களா? லைசன்ஸ் இல்லாத பெட்டிய மட்டும் எங்க தலையில கட்டுவீங்களா?" கடையிலிருந்த மற்ற ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பெட்டியை மாற்றித் தரவில்லை. ஒரு டார்ச் லைட்டைச் சும்மா கொடுத்து எங்களை அனுப்பிவைத்தார்கள்.

அன்று மாலை மாமா டீவிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இது பேசாட்டி போவுது. நான் பேசுறேன்." பேசினார். அன்றிலிருந்து அவர் டீடீஎஸ்.

எந்தப் படம் போட்டாலும் அவர் வாயில் அது எங்கள் தோட்டத்துக் கதையாகிவிடும். வில்லன் துப்பாக்கியை நீட்டினால், "காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கு ஏன்டா லேட்டு? ஒனக்கு இன்னைக்கி அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான்" என்பான். மலையில் ஆட்களை நிறுத்தி வேலை வாங்கும் கண்டாக்கையாவின் குரல் அச்சு அசலாக இருக்கும். கதாநாயகன் அவனைப் புரட்டி எடுக்கும்போது பெண்கள் விசிலடிப்பார்கள். காதலர்கள் வெளிநாட்டுப் பனிமலையில் ஆடினால் கதாநாயகி நடுங்கிக்கொண்டே திட்டுவாள்: "நம்மூருல குளிரு இல்லன்னா இங்க கூட்டியாந்த? ஒரு கம்பளி எடுத்தாந்தியா, கூறுகெட்டவனே?" ஒருமுறை சத்தத்தோடு ஒரு படம் தப்பித்தவறி ஓடியது. பாதியிலேயே ஆட்கள் எழுந்துவிட்டார்கள். கண்டாக்கையாவே இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள்.

எனக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவன் நான். ஒரு படத்தின் உண்மைக் கதை என்ன என்று தெரியாமலே எத்தனை படம் பார்ப்பது? வாயை மூடுங்கள் மாமா என்றால், "பெட்டிய வாயத் தொறக்கச் சொல்லு, நான் மூடுறேன்" என்பார்.

இந்த இடத்தில் என் தங்கச்சி செல்வியின் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். வலப்பனைப் பக்கம் மாப்பிள்ளை வீடு. பந்தியில் மாமாதான் சாம்பார். "திங்கத்தான வந்தீங்க, பின்ன என்னா வெக்கம்?" என்று விருந்தாளிகளை மிரட்டி ஊற்றினார். அன்று முழுக்க அந்த வாளியை அவர் கீழே வைக்கவில்லை. பெண்ணை அனுப்புகிற நேரம், வேன் கூரையைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பூச்சரங்களுக்கு நடுவில், எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் தண்ணீர் பிடித்துவைக்கும் நீலப் பீப்பா. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்படிப்பட்ட கோணங்கி வேலை செய்ய லயத்தில் ஒரே ஆள்தானே உண்டு.

"மாமா, மானத்த வாங்கணும்னே ஏத்துனீங்களா?"

"நான் ஏத்தலடா. ஏத்துனா என்னா இப்ப? பீப்பா என்னா பேயா பிசாசா?"

ஊரே பார்க்க நாங்கள் கத்திக்கொண்டோம். பீப்பாவை இறக்கவைத்துவிட்டுத்தான் வேனை விட்டேன். அப்பா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் எதற்கும் வாய் திறக்கிறவர் இல்லை.

வீடியோக்காரனுக்கு வருகிறேன். எனக்கு உலகத்தில் யார்மேல் அதிகக் கோபம் என்று கேட்டால் கண்டாக்கையாவைக்கூட விட்டுவிட்டு இவனைச் சொல்வேன். இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று இழுத்தடித்து, செல்விக்கு வளைகாப்பு முடிந்த பிறகுதான் கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்து சேர்ந்தது. அதற்குள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

அப்பாவின் குரல் எங்களிடம் எதிலும் இல்லை. ஃபோனைக் கொடுத்தால் காதில் வைத்து "ம்" என்று சொல்லி அம்மாவிடம் நீட்டிவிடுவார். ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதில்லை. அதனால் அந்த வீடியோவுக்காக அம்மா காத்திருந்த காத்திருப்பு வேறு. "ஒரு வார்த்த பேசியிருப்பாருல்ல?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போட்டோம். படம் வந்தது. சத்தம் வரவில்லை. அடியில் அதே மாதிரி ஒரு வரி, நாட் சப்போர்டட். ஃபோனில் போட்டால் ஃபைல் பெரிசு என்று ஃபோனும் முழித்தது. பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறியலாம் போல இருந்தது எனக்கு. மாமா வாசலில் நின்றார், அன்று முக்காலியைக் கேட்கவில்லை.

பெண்ணை அனுப்புகிற காட்சி வந்தது. அப்பா செல்வியின் தலையில் கை வைத்து ஏதோ சொல்கிறார். கேமரா கிட்டப் போகிறது. உதடு நன்றாக அசைகிறது. அம்மா அந்த நேரம் காம்பராவுக்குள் அழுதுகொண்டு கிடந்தவர், பார்த்ததே இல்லை.

"என்னாடா சொல்றாரு? எம்புள்ளகிட்ட என்னாடா சொல்றாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? அம்மா உடனே செல்விக்கு ஃபோன் போட்டார். அவள், "நான் அழுதுக்கிட்டு இருந்தேம்மா, ஒன்னும் காதுல விழல" என்று மறுபடியும் அழுதாள். திரும்ப அந்தக் காட்சியைப் போடச் சொன்னார் அம்மா. போட்டேன். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல். மாமாவிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் லயத்துக்கே தெரியும்.

"பாப்பா, அங்கிட்டு தண்ணிக்குக் கஷ்டமாம். நம்ம நீலப் பீப்பாவக் கொண்டு போயிரு. நாங்க வேற பாத்துக்கிறோம்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. செத்துப்போன என் அப்பாவின் வாயில் பீப்பாவைப் போட்டு, அன்றைய சண்டையில் இன்று ஜெயிக்கப் பார்க்கிறாரா இந்த மனிதர்? அப்பா ஆசீர்வாதம் பண்ணுகிற இடத்திலா இந்தக் கூத்து? என்னவெல்லாம் சொன்னேன் என்று இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. "எந்திரிச்சுப் போங்க, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்பது மட்டும் அச்சுக்கு ஆகும். அவர் பதிலுக்குத் திட்டவில்லை. போய்விட்டார். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொத்தமல்லிகூட வரவில்லை. "அவன ஏன்டா வெரட்டுன?" என்றார் அம்மா.

நான் விடவில்லை. தலவாக்கலையில் கம்ப்யூட்டர் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டுபோய் ஃபார்மட்டை மாற்றித் தரச் சொன்னேன். மாற்றித் தந்தார்கள். வீட்டில் போட்டால் சத்தம் வருகிற மாதிரி ஒரு இரைச்சல், படம் கறுப்பு. திரும்பக் கொண்டுபோனேன். இப்போது பெட்டி பென் டிரைவையே அடையாளம் தெரியாது என்றது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பெட்டியைச் செய்தவன், ஃபார்மட்டைக் கண்டுபிடித்தவன், லைசன்ஸ் கொடுக்காதவன் எல்லாரையும் மனதுக்குள் வரிசையாக நிற்கவைத்துத் திட்டினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படமும் வந்தது, சத்தமும் வந்தது. அம்மாவைத் திரைக்குக் கிட்ட உட்காரவைத்தேன்.

சத்தம் என்றால் என்ன சத்தம்? சினிமாப் பாட்டு. தாலி கட்டும்போது பாட்டு, பந்தியில் பாட்டு. அப்பா செல்வியின் தலையில் கை வைக்கிறார், உதடு அசைகிறது, எவளோ ஒரு பாடகி உருகுகிறாள்.

வீடியோக்காரனுக்கு ஃபோன் போட்டேன். "ஒரிஜினல் சவுண்ட எல்லாம் டிலீட் பண்ணிருவோம் அண்ணே. அது வெறும் நாய்ஸ்தானே" என்றான்.

"எங்கப்பா பேசுனது ஒனக்கு நாய்ஸா?" என்று கேட்டேன். மாமா மாதிரி திட்ட எனக்குத் தொண்டை இல்லையே என்று அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன். ஃபோனை வைத்துவிட்டு வந்தால், அம்மா பாட்டு பொறுக்காமல் ரிமோட்டில் மியூட்டை அமுக்கிவிட்டுப் படத்தை நிறுத்திவைத்திருந்தார்.

"இங்க வாடா. அப்பாவுக்குப் பின்னால பாரு. அந்தச் சாம்பார் வாளி யாரு கையில?"

பார்த்தேன். அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை, ஒரு வாளி, பாதி முகம். கை நீட்டினால் அப்பாவைத் தொடுகிற தூரம்.

பக்கத்துக் காம்பரா வாசலில் போய் நின்றேன். மாமா கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"மாமா, அன்னைக்கி நீங்க சொன்னது..."

"டப்பிங்குன்னு நெனச்சியா? படத்துக்குத்தான்டா கத விடுவேன். மச்சானுக்கு விடுவேனா? கேட்டதச் சொன்னேன்."

"அப்ப பீப்பாவ ஏத்துனது?"

"வேற யாரு? ஒங்கப்பாதான். விடிகாலையில தனியா நின்னு கட்டுனாரு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா. அம்புட்டுப் பேச்சு கேட்டீங்களே."

"மச்சானே வாயத் தொறக்காம நின்னாரு, நான் எதுக்கு அவர மாட்டி விடணும்? போடா, ஒங்கம்மா தனியா இருக்கா."

நீலப் பீப்பா இப்போது வலப்பனைப் பக்கம் செல்வியின் வீட்டு வாசலில் இருக்கிறது. பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மாமா. பீப்பாவுக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு அவர் போட்ட சண்டையைத் தனிக்கட்டுரையாகவே எழுதலாம்.

பழைய பெட்டியும் போய்விட்டது. புதிதாக வாங்கியது எந்த ஃபார்மட்டைப் போட்டாலும் மறுபேச்சில்லாமல் பாடும். ஆனால் அம்மாவுக்கு அப்பா ஞாபகம் வருகிற நாளில் அந்தக் காட்சியைப் போட்டு, மியூட்டை அமுக்கிவிட்டு, சுவரில் தட்டுவார். அந்தப் பக்கமிருந்து உடனே கேட்கும்: "வர்றேன் வர்றேன். மனுசன நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க விடுறீங்களா?"

கையைக் கழுவாமலே வருவார், திட்டிக்கொண்டே முக்காலியை இழுத்துப் போடுவார். அப்பாவின் உதடு அசையத் தொடங்கியதும் அந்தத் தொண்டையைக் கனைத்து அடக்கி, மெதுவாக, "பாப்பா" என்பார்.