மச்சான், இரட்டைவடச் செயின் எங்கே?

கிள்ளான்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. பக்கிரிசாமி அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை சந்திரகலாவின் கணவன் சுகுமாறன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. பந்திங்கில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே நானும் கலாவும் மகள் மாதவியும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். உண்மையிலேயே நலமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். வாட்ஸாப் இருக்கும்போது இந்த மனிதன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் கைப்பேசியைத் திறக்கும் எண் உங்கள் தங்கைக்குத் தெரியும். அவளுடைய எண் எனக்குத் தெரியாது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை வாசலில் காவல் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியே போகிற ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தவன், மேனேஜரின் சாப்பாட்டுத் தூக்கைக்கூட விட்டதில்லை. ஒரு பொருள் இடம் மாறினால் எனக்கு மூக்கு நுனி அரிக்கும். சில மாதங்களாக வீட்டிலேயே அரித்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பம் பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கே சனிக்கிழமைகளில் மணி கோத்து நகை செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், பக்கத்து வீட்டு ரமணி அழைத்தாள் என்று உங்கள் தங்கை போய்ச் சேர்ந்தாள். கண்ணாடி மணி, மர மணி, கடுகு அளவில் பொடிப்பாசி மணி என்று டப்பா டப்பாவாக வந்து சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டன. நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். ரசத்தில் மிளகு என்று நினைத்துக் கடித்தது மிளகு இல்லை. என்ன கடித்தீர்கள் என்று பல் டாக்டர் கேட்டபோது, நிறம் தெரியவில்லை டாக்டர் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. போதாததற்கு என் மூக்குக் கண்ணாடிக்கும் ஆரஞ்சு மணியில் ஒரு சரம் கோத்து மாட்டிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு போனால் கோப்பிக் கடையில் யாரும் என்னோடு அரசியல் பேசுவதில்லை.

அடுத்தது உடை. வருஷம் முழுக்க அரக்கும் பழுப்பும் கட்டிய பெண்மணி திடீரென்று எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, ஆகாய நீலம் என்று மாறினாள். என்ன இது என்று கேட்டேன்.

"இது சம்மர் லுக்."

"நம்ம நாட்டுல ஏது சம்மர்? வெயில் அடிச்சா மழை, மழை விட்டா வெயில்."

"அப்போ வருஷம் பூரா போடலாம் லா."

இப்படிப் பட்டென்று பதில் வந்தால் அது முன்கூட்டியே தயாரித்த பதில். வாசலில் நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருநாள் படுக்கையறைக்குள் போனால் எங்கள் கட்டிலில் மஞ்சள் காட்டன் கவுன் ஒன்று கைகளை விரித்துப் படுத்திருக்கிறது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீல மணிமாலை. பக்கத்தில் ஒரு வெள்ளைக் குர்த்தா, அதன் மேல் சிவப்பும் பச்சையுமாக இரண்டு சரம். காலடியில் பூப்போட்ட பாவாடை. உங்கள் தங்கை நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் தொழிற்சாலையில் பொருள்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்தால் ஒன்று காணாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் போகப்போகிறது என்று அர்த்தம். அவளோ எனக்குப் பாடம் நடத்தினாள். "பூப்போட்ட துணின்னா ஒத்தச் சரம் போதும். துணி சும்மா இருந்தா மணி பேசணும். ரெண்டும் சேர்ந்து கத்தக்கூடாது." இந்தச் சட்டம் வீட்டு மனிதர்களுக்கும் உண்டா என்று கேட்டேன். இறங்கும்போது நாற்காலியைப் பிடிக்கச் சொன்னாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா கல்யாணத்தில் போட்டு அனுப்பிய இரட்டைவடச் செயின் உங்களுக்கு நினைவிருக்கும். அதை உங்கள் தங்கை கழுத்தில் காணவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் மோட்டார் சைக்கிளில் வந்து செயினை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம், தங்கத்தை வெளியில் காட்டாதே என்று நான்தான் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளும் காணவில்லை. அலமாரியைத் திறந்தேன். சிவப்பு வெல்வெட் பெட்டி இருக்கிறது, உள்ளே காற்றுதான் இருக்கிறது. செயின் எங்கே என்று கேட்டேன். "பத்திரமா இருக்கு," என்றாள். மச்சான், என் அனுபவத்தில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட எந்தப் பொருளும் திரும்பி வந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் ஏறிய கொமுட்டர் ரயிலிலேயே வேறு பெட்டியில் ஏறினேன். வேஷம் மாற்ற ஒரு தொப்பி, இன்னொரு சட்டை, சாட்சிக்கு அந்தக் காலிப் பெட்டி, எல்லாம் என் பையில். பிரிக்ஃபீல்ட்ஸில் வகுப்பு நடக்கும் கடைத்தொகுதிக்கு வெளியே ஒரு தூணோடு ஒட்டி நின்றேன். கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. உங்கள் தங்கை கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்து அந்த டீச்சர் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக் குனிந்து என்னவோ செய்தார்கள். இன்னும் சரியாகப் பார்க்கலாம் என்று எக்கும் நேரத்தில் தோளில் ஒரு கை விழுந்தது. அந்த இடத்துக் காவலாளி.

"அங்கிள், பெண்கள் வகுப்பையே ரொம்ப நேரமா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. பையைத் திறங்க."

என் வாழ்க்கையில் முதல் முறையாக என் பையை வேறொருவன் திறந்தான். சட்டையைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான், பெட்டியைத் திறந்தான்.

"நகைப் பெட்டி காலியா இருக்கே. உள்ள இருந்தது எங்கே?"

"அதைத்தான் தம்பி நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

அதற்குள் வகுப்பே வெளியே வந்துவிட்டது. உங்கள் தங்கை என்னைக் காப்பாற்றினாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "இவர் என் வீட்டுக்காரர்தான், தம்பி. ரிட்டயர் ஆனவர். வேலையை மறக்க முடியல," என்றாள். திரும்பி வரும்போது ரயிலில் ஒரே பெட்டியில் உட்கார்ந்தோம்.

அந்த வாரத்திலிருந்து அவள் கழுத்தில் ஒரு புதிய மாலை ஏறியது. நீலமும் ஆரஞ்சுமாகப் பொடிப்பாசி, விரல் தடிமனுக்கு முறுக்கிய கயிறு மாதிரி. மஞ்சளுக்கும் அதுதான், வெள்ளைக்கும் அதுதான், அவள் சொன்ன சட்டமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முன்பெல்லாம் எதைப் போட்டாலும் கொக்கி மாட்ட என்னைத்தான் கூப்பிடுவாள். இதை மட்டும் நான் தொட விடுவதில்லை. கோயிலுக்கும் அதோடுதான் வந்தாள். நம் சனத்தைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, பெண்டாட்டி கழுத்தில் தங்கம் இல்லாவிட்டால் புருஷன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ரமணி முதலில் மாலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு பெருமூச்சு விட்டாள். மறுநாள் எங்கள் வாசலில் ஒரு அரிசி மூட்டை. "அண்ணே, கஷ்டம் எல்லாருக்கும்தான் வரும். அந்த லாட்டரி நம்பர் எடுக்கிறதை மட்டும் விட்டுடுங்க," என்றாள். நான் ஆயுளில் நம்பர் எடுத்ததில்லை. அதைச் சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் முகம் சொன்னது. அந்த அரிசியைத்தான் இப்போது சாப்பிடுகிறோம்.

இதெல்லாம் என் மானத்தோடு போகட்டும் என்று இருந்துவிடுவேன். ஆனால் மாதவியின் கல்யாணம் நடுவில் நிற்கிறது. பையன் கிஷன், மாதவியின் அலுவலகத்திலேயே வேலை, ரவாங்கில் வீடு. பேசி முடிக்க வருகிறோம் என்று சொன்னவர்கள் முதலில் நாள் நன்றாக இல்லை என்றார்கள். பிறகு பையனின் அப்பா ராதாகிருஷ்ணனுக்குப் போன வருஷம் செய்த ஆபரேஷனால் முடியவில்லை என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. மாதவி சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறாள். அவள் அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் ராத்திரியில் அந்தச் சாத்திய கதவு வரை போய், தட்டாமல் திரும்பி வருகிறேன்.

ஒருவழியாக நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையனின் அம்மா உஷாராணி பட்டுப்புடவை, கழுத்து நிறையத் தங்கம், நிமிர்ந்து உட்கார்ந்தவர் நாற்காலியில் சாயவே இல்லை. எதிரில் உங்கள் தங்கை மஞ்சள் கவுனும் அந்தப் பாசிக் கயிறுமாக, கடற்கரைக்குக் கிளம்பியவள் மாதிரி நிற்கிறாள். அந்த அம்மாள் பார்வை அந்தக் கழுத்திலேயே நின்றது. நான் முந்திக்கொண்டு, "நகையெல்லாம் லாக்கர்ல இருக்கு சம்பந்தி," என்றேன். மாதவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் லாக்கர் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். பேச்சை மாற்ற, மேடையில் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குச் செயின் போடுவார்களே, அதை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். முறையான கேள்விதானே. அந்த அம்மாள், "எடுக்கணும் அண்ணே," என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். ராதாகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். கிஷன் மாதவியைப் பார்த்தான். எனக்கு மூக்கு அரித்தது.

அப்போதுதான் உங்கள் தங்கை, "உள்ள வாங்கக்கா, நான் செஞ்ச மணியெல்லாம் காட்டுறேன்," என்று அந்த அம்மாளைக் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நின்றேன். முதலில் சிரிப்புச் சத்தம். பிறகு யாரோ அழுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. வெளியே வந்தபோது உஷாராணி கழுத்தில் தங்கத்தைக் காணோம், கைப்பைக்குள் போய்விட்டது போல. அதற்குப் பதிலாக அந்த நீல ஆரஞ்சுப் பாசிக் கயிறு தொங்குகிறது. உங்கள் தங்கை வேறொரு சிவப்பு மாலையை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "அண்ணே, அடுத்த மாசமே வச்சுக்கலாம்," என்றார். மாதவி அழுதாள், பிறகு மூன்று தோசை சாப்பிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இத்தனை நாள் இழுத்தடித்தவர்கள் ஒரு பாசி மாலைக்கு மயங்கி அடுத்த மாசமே என்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. நான் வெளிக்கதவைத் திறந்துவிட்டு, கார் ரிவர்ஸில் வர "கோஸ்தான், கோஸ்தான், போதும்" என்று சொல்லி, சாலை திரும்பும் வரை நின்று பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஆகவே மச்சான், நேரடியாகக் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தச் செயின் உங்களிடம்தான் இருக்க வேண்டும். நீங்கள் செம்பனைப் பழம் ஏற்ற இன்னொரு லோரி எடுத்திருப்பதாகக் கேள்வி. உங்கள் அப்பா போட்ட செயின், அண்ணன் கேட்டால் தங்கை மறுக்க மாட்டாள், இதெல்லாம் எனக்குப் புரியும். கல்யாண மேடையில் பெண்ணின் அம்மா பாசிமணியோடு நின்றால் ரமணி இன்னொரு அரிசி மூட்டை கொண்டுவருவாள். அதற்கு முன்னால் செயினை மரியாதையாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் நீண்ட ஆயுளோடும் எல்லாக் கேள்விக்கும் நேரான பதிலோடும் வளரட்டும். புதிய லோரிக்கும் என் வாழ்த்துகள், அது யாருடைய காசில் ஓடினாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சுகுமாறன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். லோரியைப் பற்றி எழுதிய பத்தியை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை உங்கள் தங்கை குளிக்கப் போயிருந்தபோது அவள் கைப்பேசி அடித்தது. எடுத்தேன், பழக்கம், பேசவில்லை. உஷாராணி அம்மாள் அழுதுகொண்டே, "கலா, கழட்டும்போதுதான் கனம் தெரிஞ்சது. பாசியைத் தள்ளிப் பார்த்தா உள்ள தங்கம் இருக்கு. நான் எப்படி இதை வாங்கிக்கிறது," என்றார். நான் சத்தம் போடாமல் கைப்பேசியை வைத்துவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தவளைக் கேட்டேன். செயின் மேலேயே நூலைச் சுற்றிப் பாசியைக் கோத்துவிட்டாளாம், டீச்சர் கற்றுக்கொடுத்தாராம். "திருடனுக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. தினமும் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட உங்களுக்கே தெரியல," என்றாள். உஷாராணி அம்மாள் கழுத்தில் இருந்தது கவரிங்காம், கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளே சொல்லி அழுதிருக்கிறார். அசல் தங்கமெல்லாம் ராதாகிருஷ்ணன் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. மேடையில் மருமகளுக்குப் போடச் செயின் இல்லாமல்தான் நாளைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மேடையில் இந்தப் பாசி மாலையைப் போட்டாலே எங்களுக்குப் போதும் என்று சொல்லி உங்கள் தங்கை அதைக் கழற்றி மாட்டிவிட்ட பிறகுதான் அவர் நாள் கொடுத்தாராம். "அவங்க கையால போட்டாலும் அது மாதவி கழுத்துக்குத்தான் வருது. நம்ம பிள்ளை போய் வாழப்போற வீடு தலை குனியலாமா?" என்று கேட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றாள். விட்டிருக்க மாட்டேன், மச்சான். என் வீட்டுத் தங்கம் வெளியே போக நானே கதவைத் திறந்து கோஸ்தான் சொல்லியிருக்கிறேன், அது இப்போது எனக்கு வருத்தமாக இல்லை.

அந்த அம்மாளிடம் நானே பேசி, செயின் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பாசியெல்லாம் பிரித்துவிட்டு மேடையில் போடும்போது உங்கள் அப்பா செயினை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அட்சதை போடுங்கள். இந்த விஷயம் இப்போது சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் இருவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே கசிந்தால் நான் உங்களைத்தான் சந்தேகப்படுவேன்.