பின்பெட்டியில் தாப்பா வரை

உயிர்ப்பயம் வந்துவிட்டால் மனிதனுக்குத் தெரியாத தொழிலே கிடையாது. அப்படித்தான் நான் ஒரு காலைப்பொழுதில், முகம் கழுவுவதற்குள், கார் மெக்கானிக் ஆனேன்.

ஜப்பான்காரன் காலம். மலாயா மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை போட்டது போட்டபடி ஓடிவிட்டார். அவருடைய கறுப்புக் காரை ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டான். கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலைச் செடியெல்லாம் மரமாகிக்கொண்டிருந்தது. (துரை பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும்.) நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கை உடுத்திக்கொண்டு, சயாமில் ரயில் பாதை போட எப்போது லோரியில் ஏற்றுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். ஆள் ஏற்றிப் போன லோரி வெறும் லோரியாகத்தான் திரும்பி வந்தது.

அந்தச் சமயம் பார்த்து அதிகாரியின் கார் பின்பெட்டி மூடி மக்கர் செய்தது. சாவி திரும்பும். மூடி இரண்டு விரல் அகலம் எழும்பும். அதற்கு மேல் அசையாது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டார். நான் பாக்டரியில் கொழுந்து உருட்டும் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறவன்.

"டேய் அந்தோணி, கார் வேலை தெரியுமா? தெரிஞ்ச ஆள இங்கயே வச்சுக்குவானாம். சயாம் கிடையாது."

"நல்லாத் தெரியுங்கய்யா."

(அதுவரை நான் காரைத் தொட்டது ஒரே தடவை. துரையின் நாய் துரத்தியபோது மேலே ஏறினேன்.)

துணைக்குத் தங்கை ஆரோக்கியத்தின் புருஷன் சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டேன். புதுமாப்பிள்ளை. அவன் முன்னால் கொஞ்சம் கெத்து காட்டலாம் என்ற ஆசையும் இருந்தது. பாக்டரி வாசலில் கார் நின்றது. முதலில் விளக்கெரிக்க வைத்திருந்த எண்ணெயை விட்டேன். அசையவில்லை. முஷ்டியால் குத்தினேன். பிறகு உதைத்தேன்.

"மச்சான், அது மாடு இல்ல, மோட்டார்லா" என்றான் சவரி.

கவ்வாத்துக் கத்தியைச் சந்தில் விட்டு நெம்பினேன். மூடி திறக்கவில்லை. பெயிண்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்தது. சவரியின் முகம் வெளுத்துவிட்டது.

"தலைய எடுத்துருவான் மச்சான்!"

"சும்மா இரு மாப்ள, இதெல்லாம் வேலையில சகஜம்" என்று சொல்லிக் கோட்டின் மேல் அடுப்புக்கரியைத் தேய்த்தேன்.

உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் என்று என் மூளைக்கு அப்புறம்தான் எட்டியது. பின்சீட்டின் சாய்மானத்தைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, அந்த வழியாகப் பெட்டிக்குள் ஊர்ந்தேன். கை ஒரு மூட்டையில் பட்டது. அரிசி! அரிசியைக் கண்ணால் பார்த்தே எத்தனையோ மாதம். பச்சையாகவே ஒரு பிடியை வாயில் திணித்துக்கொண்டு தடவிப் பார்த்தேன். கொக்கியிலிருந்து ஸ்பிரிங் கழன்று தொங்கியது. மென்றுகொண்டே மாட்டினேன்.

வெளியே பூட்ஸ் சத்தம்.

"சுடா?" என்று அதிகாரி மலாயில் குரைத்தான். முடிந்ததா என்கிறான்.

ஜப்பான்காரன் கேட்டால் இடுப்பை வளைத்து ஆமாம் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பழகிய பதில் அது ஒன்றுதான். சவரியும் வளைந்தான்.

"சுடா, மாஸ்டர்!"

எனக்கோ வாய் நிறைய அவனுடைய அரிசி. எப்படிக் கத்துவேன்? டிரைவர், சாய்ந்து கிடந்த சாய்மானத்தை முழங்காலால் ஓர் இடி இடித்தான். இருட்டிவிட்டது. கார் கிளம்பியது.

மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் ரோட்டின் வளைவுகளை மற்றவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். நான் ஒவ்வொன்றையும் மண்டையால் அறிந்தேன். தின்ற அரிசியைப் பாதி வழியிலேயே மூட்டைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தாப்பா காவல் சாவடியில் ஒரு சிப்பாய் சாவியைத் திருப்பினான். மூடி 'டப்'பென்று வானத்தைப் பார்க்க எழும்பியது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கச்சிதமான கார் வேலை அதுதான். படுத்தபடியே கும்பிட்டேன்.

"பகேரோ!" என்று அதிகாரி ஜப்பானில் திட்ட, ஒரு கன்னத்தில் அறை விழுந்தது. அரிசியின் கதியைப் பார்த்துவிட்டு மறு கன்னத்திலும் விழுந்தது. பிறகு அவன் மூடியைச் சாத்தித் திறந்தான், மறுபடி சாத்தித் திறந்தான். திருப்தியாகச் சிரித்தான். நடந்து போ என்று மலையைக் காட்டினான்.

நடந்தேன். கன்னம் வீங்கியிருந்தாலும் எனக்கே சிரிப்பு வந்தது. சவரியிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

"மாப்ள எங்கம்மா? கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பாரு."

"கார் போன கொஞ்ச நேரத்துல லோரி வந்துச்சு, அண்ணே" என்றாள். "பாக்டரி வாசல்ல நின்னவங்கள எல்லாம் ஏத்திட்டாங்க. உங்கள எங்கன்னு கேட்டாங்களாம். மச்சான் கார் வேலையா போயிருக்காருன்னு இவரு சொன்னாராம்."

சவரி திரும்பி வரவே இல்லை. போனபோது தான் அப்பாவாகப் போவதுகூட அவனுக்குத் தெரியாது. நான் தோட்டத்து மெக்கானிக்காகச் சண்டை முடியும்வரை சுகமாக இருந்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யார் கார் வந்தாலும் பிள்ளைகள் ஓடிப்போய், "பின்பெட்டியத் தொறந்து பாருங்க, தாத்தா இருப்பாரு!" என்று கூச்சல் போடும். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆரோக்கியம் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவள் மகன் முதல் முதலாகக் கார் வாங்கியபோது பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பிள்ளைகள் வழக்கம்போல் கத்தின. அன்று அவள் அடுப்படிக்குப் போகவில்லை. திறந்திருந்த பின்பெட்டிக்குள் குனிந்து வெகு நேரம் பார்த்தாள்.

"ரெண்டு பேரு படுக்கலாம் போலருக்கே, அண்ணே" என்றாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போதெல்லாம் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.