ஐந்தருவிக் கோழியின் நான்காம் பத்தி

இலஞ்சி,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

பிலிப்பைன்ஸ் தேசத்து இலோயிலோ நகரில் அறுபத்தொரு கோழிக்கடைகளுக்கு அதிபதியாக விளங்கும் மாப்பிள்ளை முத்துச்செல்வத்துக்கு, உன் அக்காள் யோகலட்சுமியின் கணவன் நம்பிராஜன் எழுதிக்கொள்வது. உன் அக்காள் நலம். என் முழங்கால் நலமில்லை. சாரல் நன்றாக விழுகிறது, ஐந்தருவியில் ஐந்திலும் தண்ணீர். உன் மனைவி மரிதெஸும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இலஞ்சிக் குமாரரிடம் வேண்டிக்கொள்ளுமாறு உன் அக்காள் சொன்னாள், வேண்டிக்கொண்டேன். மரியாதை முடிந்தது, இனி விஷயம்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் போன பொங்கலுக்கு நான் அனுப்பிய இரண்டு பக்க வாழ்த்துக்கு நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினாய். முதுகலை வரலாறு படித்து இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவனுக்குக் கட்டைவிரல். அதேபோல், உன் அப்பா காரியத்துக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கைக்கடிகாரம் கொண்டுவந்தாய், எனக்கு மட்டும் நெஞ்சில் கோழிப்படம் போட்ட பனியன். நான் எதையும் மறப்பதில்லை. நீயும் மறப்பதில்லை என்பது இந்த வாரம்தான் தெரிந்தது.

குற்றாலத்தில் திறக்கப்போகும் உன் முதல் இந்தியக் கடையின் சுவரில் எழுதுவதற்காக நிறுவனத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் அனுப்பி, "அத்தான், நீங்கதான் நல்ல தமிழ்ல எழுதித் தரணும்" என்று கேட்டிருந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்தியில், கப்பலில் கழித்துப்போட்ட எண்ணெய்ப் பீப்பாயை இரண்டாகப் பிளந்து, கரி போட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே நீயும் மரிதெஸும் நாளுக்கு எட்டுக் கோழி சுட்டீர்கள். இரண்டாவதில், கோழியின் வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லைத் திணித்து, ஐந்து கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றவிட்டு, மேல் கம்பிக் கோழியின் நெய் கீழ்க் கம்பிக் கோழியின் தலையில் விழும்படி அடுப்புக் கட்டி, கடைக்கு 'ஃபைவ் ஃபால்ஸ்' என்று பெயர் வைத்தாய். மூன்றாவதில் புயல் வந்து கூரையைக் கொண்டுபோனது. மறுநாள் கூரையில்லாமலே சுட்டு, வீடிழந்த தெருக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாய். அந்தத் தெரு அதன்பிறகு வேறு கடைக்குப் போனதில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பதவி உயர்வு ஆணையில் என் பெயர் இல்லாத அன்றுகூட நான் கலங்கவில்லை.

அப்புறம் நான்காம் பத்தி. நீ எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன்: 'எங்கள் கோழியின் ரகசியம் கைதான். நிறுவனர் இளைஞராக இருந்தபோது தென்னிந்தியாவில் ஓர் அருவிக்கரையில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். எந்தத் தசை எங்கே இறுகும் என்பதை அவர் விரல்கள் அங்கேதான் கற்றன. ஒருநாள் அவர் ஓர் உறவினரின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் விசாரித்தபோது அந்த உறவினர், இவனை எனக்குத் தெரியாது என்றார். மறுவாரம் நிறுவனர் கப்பல் ஏறினார்.'

ஏலே செல்வம், இதுவாடே வரலாறு? உன் நாட்டில் அறுபத்தொரு சுவரில் இது எழுதியிருக்கிறதாம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அங்கே என்னை யாருக்குத் தெரியும்? ஆனால் இது குற்றாலம். சீசனுக்கு என் பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வருகிற ஊர். 'ஓர் உறவினர்' என்று பெயரில்லாமல் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயா? உனக்கு எத்தனை உறவினர்? உன் அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, உன் பெரியமாமாவுக்குத் தலையில் முடியே கிடையாது. மிச்சம் யார்?

சுவரில் எழுத வந்திருக்கும் பெயிண்டரை நிறுத்தலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே உன் மேனேஜர் பாண்டியராஜ், செங்கோட்டைக்காரர், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "சார்வாள், கோழிக்குச் சோறு வைக்கச் சொல்லுதாங்க பிலிப்பைன்ஸ்ல. பூண்டுச்சோறாம். பரோட்டா எங்க, சால்னா எங்கன்னுதான் தெறக்கும் முன்னால ருசி பாக்க வாரவன் எல்லாம் கேக்கான்" என்றார். "கோழி எப்படி?" என்று கேட்டேன். "எலுமிச்சைப்புல் வாசம் வந்ததும் ஒரு ஆச்சி, ஏன்யா, முட்டுவலித் தைலம் இங்கயும் விக்கீங்களான்னு கேட்டுட்டுப் போறா" என்றார். அதுகூடப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

கோழி தேய்க்க ஐந்தருவி மசாஜ்காரர்களையே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று நீ உத்தரவு போட்டிருந்தாயாமே. எடுத்திருக்கிறார்கள், ஐந்து பேர், மூத்தவர் பெயர் கடற்கரை அண்ணாச்சி. நாற்பது கோழியை வரிசையாகப் பலகையில் படுக்கவைத்து, பூண்டும் புளிப்பும் கலந்த உன் சிவப்பு மசாலா எண்ணெயை ஊற்றி, கோழி ஒன்றுக்கு இருபது நிமிடம், உன் சட்டப்படி, ஒரு குறையில்லாமல் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்து முடித்ததும் தொழில் வழக்கப்படி தொடையை மடக்கிச் சொடக்கு எடுத்திருக்கிறார்கள்; பாதிக் கோழிக்குத் தொடை கையோடு வந்துவிட்டது. மிச்சத்தை வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்து, மணக்க மணக்கச் சீயக்காய் போட்டு, பூண்டும் புளிப்பும் ஒரு பொட்டில்லாமல் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பாண்டியராஜ் கத்தியிருக்கிறார். அதற்குக் கடற்கரை அண்ணாச்சி என் முன்னாலேயே சொன்ன பதில்: "எண்ணெய் தேச்சிட்டுத் தண்ணியில காட்டாம விட்டா சூடு புடிச்சிரும்லா? நாப்பது வருசமா தேய்க்கேன், எவனையும் எண்ணெயோட வீட்டுக்கு அனுப்புனதில்ல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று உன் அக்காளைக் கேள்.

சிரித்தது தப்பாகப் போயிற்று. அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சார்வாள் நம்ம செல்வத்துக்கிட்ட தலை தேச்ச ஆளுலா? ஹெட்மாஸ்டர் கூட வந்திய. பக்கத்துப் பலகை நான்தான்" என்றார். நான் அருவிப் பக்கம் பார்த்தேன்.

இருபத்தேழு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், விரல் பட்டபோது தெரியவில்லை, "தலையச் சாயுங்க" என்ற குரலில் தெரிந்தது. காலேஜுக்குப் போகிறான் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பையன். தலைமையாசிரியர் அடுத்த பலகையிலிருந்து, "என்ன நம்பிராஜன், உங்க வீட்டுக் கல்யாணத்துல இந்தப் பையனப் பாத்த மாதிரி இருக்கே?" என்றார். நான் கண்ணைத் திறக்காமலே, "யாரோ, எனக்குத் தெரியாது சார்" என்றேன். அவ்வளவுதான். அந்த மனிதர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார், என் பெயரைக்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லை. தெரியும் என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. அது அப்போது தெரியவில்லை.

கடற்கரை அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். "வேற ஒருத்தனா இருந்தா எண்ணெய்க் கிண்ணத்தத் தலையில கவுத்துட்டுப் போயிருப்பான். இந்தப் பய பாதியில விடலியே. உங்க தலைய முழுசாத் தேச்சு, காதுக்குள்ள ரெண்டு சொட்டு விட்டு, கையப் புடிச்சு அருவி வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுத்தான் போனான்." எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது மாப்பிள்ளை. படிக்கட்டு வழுக்கியது. நீ என் கையை விடவில்லை.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். நான்காம் பத்தியை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் மொழிபெயர்ப்பு கிடையாது, திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன், உன் கோழியில் ஒரு துண்டுகூட என் நாக்கில் படாது. ஒரு வரலாற்று ஆசிரியனைச் சுவரில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காட்டுவது முறையல்ல.

மரிதெஸுக்கு என் ஆசிகள். பிள்ளைகள் இரண்டும் தமிழ் எழுத்தை மறக்காமல், உன்னைப்போல் உழைத்து, என்னைப்போல் படித்து, இருவரைப்போலவும் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நூறு வருஷம் வாழட்டும். உன் அக்காள் புல்தைலம் இரண்டு பாட்டில் அனுப்பச் சொன்னாள், தனியே வருகிறது.

இப்படிக்கு, உன் நலம் நாடும் அத்தான்,
நம்பிராஜன்.

பி.கு.: இந்தக் கடிதம் மூன்று நாளாக என் சட்டைப்பையிலேயே கிடந்தது. இதற்கிடையில் மொழிபெயர்ப்பைப் பாண்டியராஜிடம் கொடுத்துவிட்டேன், பெயிண்டர் எழுதியும் முடித்துவிட்டார். நான்காம் பத்தி இருக்கிறது. 'ஓர் உறவினர்' என்பதை மட்டும் மாற்றினேன். 'அவருடைய அக்காள் கணவர், இலஞ்சி நம்பிராஜன், எம்.ஏ.' என்று போட்டிருக்கிறது. வரலாற்றில் பெயரில்லாத ஆள் நடமாடக் கூடாது. சீயக்காய் படாமல் சுட்ட கோழி ஒன்றரை தின்றேன், சால்னா வேண்டியிருக்கவில்லை. திறப்பு விழாவன்று அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் சுவரைப் படித்துவிட்டு உன்னைக் காட்டி, "இவரு யாரு சார்வாள்?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். கேட்கட்டும். நீ பக்கத்திலேயே நில், சொல்லும்போது உனக்கும் கேட்க வேண்டும்.