மெஷினுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா

மதிப்பிற்குரிய அத்தானுக்கு மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை.

சங்கத் தலைவர் என்ற முறையில் நீங்கள் உடனே நிர்வாகத்திடம் பேசி, எங்கள் ஆலைக்கு வந்திருக்கும் புது டாக்டரம்மாவை வேறெங்காவது மாற்றிவிட வேண்டும். பழைய டாக்டர் தங்கமானவர். தலைவலி என்றால் மாத்திரை, முதுகுவலி என்றால் அதே மாத்திரை; அறையை விட்டு வெளியே வந்ததே கிடையாது. இந்தம்மா அறையில் உட்காருவதே இல்லை. ஸ்டோர்காரர் இடுப்புவலி என்று போனார். மருந்து எழுதாமல், அவர் பெட்டி அடுக்கும் அலமாரியைத் தாழ்த்தி வைக்கச் சொல்லிவிட்டார். வெல்டர் இருமினார், கூரையில் புகை போக ஓட்டை போட்டு விசிறி வைத்தாயிற்று. ஆளை விட்டுவிட்டு ஆலைக்கு வைத்தியம் பார்க்கிறவரை எங்காவது கண்டதுண்டா? அந்த இருவரும் இப்போது அவர் புகழ் பாடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்றைக்கு என் முறை. தகடு வெட்டுற மெஷின்ல நிக்கிறவங்களுக்கெல்லாம் காது பரிசோதனையாம்! தேறாவிட்டால் மெஷினை விட்டுத் தூக்கி வாசலில் காவலுக்கு உட்கார வைப்பார்கள் என்று பேச்சு. அந்த மெஷினை விட்டால் எனக்கு என்ன தெரியும் அத்தான்? அந்த இரைச்சலில் நாங்கள் யாரும் காதை நம்புவதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். இங்கேயும் கண்ணைத்தான் நம்பினேன். காதில் என்னத்தையோ மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா. எதிரே ஜன்னல் கண்ணாடியில் அவர் பொத்தானைத் தட்டும் விரல் தெரிந்தது. விரல் அசையும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் அவர் சிரித்த சிரிப்பு சரியில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து உட்காருகிறேன், எழுகிறேன், வாசலை எட்டிப் பார்க்கிறேன்.

இன்னொரு கவலை. பேத்தி இன்னும் பேசவில்லை. என்னைப் பார்த்து வாயை மட்டும் அசைக்கிறாள். மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். பெற்றவளுக்கு இருக்க வேண்டாமா அந்தப் பதைப்பு? உங்கள் பக்கத்தில் நல்ல குழந்தை டாக்டர் இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் என் அன்பு. டாக்டரம்மா விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார். என் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னார்: "பாதிக்கு மேல நான் சத்தமே அனுப்பலைங்க. சும்மா விரலைத்தான் ஆட்டினேன். பயப்படாதீங்க, உங்களை எங்கேயும் மாத்தலை. மெஷினுக்குத்தான் மூடி போடப் போறோம். உங்க காதுக்கும்தான்." கிளம்பும்போது பேத்தியின் கன்னத்தைத் தட்டி, "தாத்தா தாத்தான்னு எவ்வளவு அழகாக் கூப்பிடுறா!" என்றார்.

அத்தான், நிர்வாகத்திடம் எதுவும் பேச வேண்டாம். குழந்தைக்கு டாக்டரும் வேண்டாம். அவள் இப்போதும் என் மடியில் உட்கார்ந்து கூப்பிடுகிறாள். உதட்டைப் பார்த்து, "என்னம்மா?" என்கிறேன்.