மாமாவின் நகத்தில் எரித்ரைட்

படித்ததையெல்லாம் எதிரில் இருப்பவரிடம் கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று தோன்றுகிற ஒரு வயது உண்டு. எனக்கு அந்த வயதில்தான் கல்யாணம் பேசினார்கள்.

பெண் பெரியகல்லாற்றுச் சுகந்தி. சம்மதம் சொல்லியாகிவிட்டது; நாள்தான் குறிக்கவில்லை. முதல் தடவை பெண் வீட்டுக்குப் போகிறவர்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோவார்கள். புவிச்சரிதவியல் பட்டதாரியான நான் கல் கொண்டுபோனேன்.

சும்மா கல் இல்லை. கப்பலில் வேலை செய்யும் நண்பன் மொரோக்கோவில் வாங்கி வந்த எரித்ரைட். சாம்பல் நிறப் பாறையில் கடும் ரோஸ் நிற ஊசிகள் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும். (சுகந்தியின் சேலையும் அன்று அதே நிறம். அதைச் சொல்லி அழகாக முடித்திருக்கலாம். எனக்கு எங்கே அந்தப் புத்தி.)

"நல்ல வடிவா இரிக்கி மனே, எங்க எடுத்த?" என்றார் வருங்கால மாமி.

அவ்வளவு போதும், வகுப்பைத் தொடங்கிவிட்டேன். நிலத்துக்குள் கிடக்கும் கோபால்ட் தாதில் காற்றும் நீரும் பட்டால் மேலே இப்படிப் பூக்கும். இந்த ரோஸ் நிறத்தைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் சுரங்கக்காரர்கள் கீழே கோபால்ட் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நமது நாட்டில் கிடைக்காது.

இறால் வியாபாரியான மாமா அதிகம் பேசாதவர். கல்லைக் கையில் வாங்கி, "கல்லெண்டா பலமா இரிக்கும்தானே?" என்றார்.

"இல்ல மாமா, இது சரியான மெது. நகத்தால கீறிப் பாருங்க."

கீறினார். நகத்துக்குள் இளஞ்சிவப்புத் தூள் ஏறியது. "ஓம், மெய்தான்" என்று வியந்தபடி பயற்றம் பணியாரம் ஒன்றை எடுத்துக் கடித்தார். பிறகு விரலையும் சூப்பினார்.

அந்த நேரம் பார்த்துச் சுகந்தி முதல் முறையாக என்னிடம் பேசினாள். "இதுக்குள்ள கோபால்ட் மட்டுமா இரிக்கி?"

"இல்ல, ஆர்சனிக்கும் இருக்கு" என்றேன் பெருமையாக.

"ஆர்சனிக் எண்டா?" என்றார் மாமி.

"பாஷாணம், மாமி."

வாயிலிருந்து சொல் வெளியே வந்த பிறகுதான் அதன் பொருள் எனக்கே விளங்கியது. மாமாவின் விரல் இன்னும் வாய்க்குள் இருந்தது. மாமி ஓசையில்லாமல் நிலத்தில் உட்கார்ந்தார். சுகந்திதான் தகப்பனை வாய் கொப்பளிக்க வைத்து, ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் கேட்டார். "என்னய்யா சாப்பிட்டீங்க?"

"கல்லு."

"என்ன கல்லு?"

நான் முன்னால் வந்து, "நீரேறிய கோபால்ட் ஆர்சனேட்டு. பளிங்கு வடிவம்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுங்க மனே" என்றார் மாமி.

"ஆரு இதக் குடுத்த?" என்றார் டாக்டர்.

மாமா என்னை நெடுநேரம் பார்த்தார். "மருமகனா வர இருந்த ஆளு" என்றார். அந்த 'இருந்த'வில் என் உயிர் போய்விட்டது.

பொழுதுபடும்வரை மாமாவைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூள் மிகக் கொஞ்சம் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது ஓட்டோவில் களுவாஞ்சிகுடி தாண்டியதும் மாமா மெல்லக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கல்லு நம்மட நாட்டுல கிடைக்காதெண்டுதானே சொன்ன நீங்க?"

"ஓம் மாமா."

"அப்ப நாளப் பாக்கச் சொல்லுங்க."

கல்யாணம் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ரோஸ் நிறத்தில் எதையும் நான் பரிமாறினால் ஒரு கையும் நீளாது. போன மாதம் என் மகளின் பிறந்தநாள். அவள் அடம்பிடித்து வாங்கிய கேக் முழுக்க ரோஸ். நான் வெட்டி நீட்டினேன். மாமன், மச்சான், சித்தி என்று வந்திருந்த அத்தனை பேரும் கேக்கை விட்டுவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

மாமா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"பயப்படாம தின்னுங்க புள்ளையள்" என்றார். "எனக்குப் பழகிப் போச்சு."