பின்னங்கால் ஆடும் குதிரை

'பர்ர்' என்று ஒரு சத்தம்.

கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்குப் போகும் படிக்கட்டில், விளக்கு எரியாத திருப்பத்தில் கேட்டது. சுகுமாறன் முதலில் தம் கால்சட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில் படியேறும்போது கிழியக்கூடியது அது ஒன்றுதான் என்பது அவருடைய எண்ணம். கால்சட்டை முழுசாக இருந்தது. ஒரு நொடி நிம்மதி. பிறகு இரண்டு தேங்காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். பை காலடியில் கிடந்தது. தோளில் கைப்பிடி மட்டும் தொங்கியது.

அது அவர் மனைவி புஷ்பவல்லியின் தோல் பை. பாசாரில் சாமான் வாங்கித் திரும்பி வந்தவள், கீழே பக்கத்து வீட்டு வீரம்மாவோடு பேச நின்றுவிட்டாள். நிற்கும் முன் தேங்காய் இரண்டையும் தன் கையாலேயே பைக்குள் போட்டு, பையை அவர் தோளில் மாட்டி, "மெதுவாப் போங்க. அண்ணன் வாங்கிக் குடுத்தது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சுகுமாறன் தேங்காய்களைத் துரத்திப் பிடித்தார். படியில் ஓர் ஊக்கும் கிடந்தது. எவள் புடவையிலிருந்தோ விழுந்தது என்று காலால் தள்ளிவிட்டார். அது படி இடுக்கு வழியே கீழே சாக்கடைக்குள் போனது. மனிதருக்கு அப்போது ஊக்கா முக்கியம்?

முக்கியம் அண்ணன். பூச்சோங்கில் இருக்கும் அழகிரி மச்சான் துருக்கிக்குச் சுற்றுலா போனபோது தங்கைக்கென்று வாங்கிவந்த பை அது. அழகிரி பரிசு கொடுத்தால் அதோடு விடமாட்டார். வருஷத்துக்கு இரண்டு முறை அதன் உடல்நலம் விசாரிப்பார். முன்பு அவர் வாங்கிக் கொடுத்த ரைஸ் குக்கரின் மூடியை சுகுமாறன் உடைத்துவிட்டார். அழகிரி அதைப் படம் பிடித்து, நாற்பத்து மூன்று உறவினர்கள் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "சாப்டீங்களா" என்று கேட்பதற்கு முன்னால், "குக்கர் எப்படி இருக்கு" என்றுதான் கேட்டார்கள். ஜெஞ்சாரோமில் ஒரு துக்க வீட்டில்கூடக் கேட்டார்கள்.

அந்த அழகிரியின் மகளுக்குப் பதினைந்து நாளில் நிச்சயதார்த்தம். புஷ்பவல்லி அந்தப் பையோடுதான் போவாள். அழகிரி பையைத்தான் முதலில் பார்ப்பார்.

செருப்பு தைக்கும் கன்னையாவிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் கன்னையா புஷ்பவல்லிக்குச் சித்தப்பா முறை. அவர் காதில் விழுந்தது எதுவும் புஷ்பவல்லி காதில் விழாமல் போனதில்லை. ஆக, கன்னையா கிடையாது. சுகுமாறன் பையைப் பழைய பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, மேலே தம் காக்கிச் சட்டையைப் போட்டு மூடினார். புஷ்பவல்லி பையைக் கேட்கவே இல்லை; தேங்காயைப் பார்த்ததும் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அன்றே ஒரு தீர்மானமும் எடுத்தார். யார் தயவும் வேண்டாம். தாமே தைப்பது.

அவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை. பதினாறு வருஷமாக ராத்திரி விழித்திருக்கிற மனிதருக்கு எல்லாக் கலையும் பாதி தெரியும். கைப்பேசியைப் பார்த்துக் கடிகாரம் பழுது பார்க்கக் கற்றார். வீட்டுக் கடிகாரம் நான்கு வருஷமாகத் திறந்து கிடக்கிறது. ஜப்பான் மொழி கற்றார்; நன்றி சொல்லும் வரை வந்து நின்றது. எதைக் கேட்டாலும் நாளைக்கு முடித்துவிடுவதாகச் சொல்வார். ஊரெல்லாம் எழுந்து வேலைக்குப் போகும்போது படுக்கப் போகிறவருக்கு நாளை எது, இன்று எது என்பதில் எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. சில சமயம் அதை நினைத்து வருத்தப்படுவார். பிறகு தூங்கிவிடுவார்.

தோலைக் கையால் தைப்பதற்கு மரத்தில் ஒரு பிடிப்பான் வேண்டும் என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். இரண்டு பலகையை எதிரெதிரே நிமிர்த்தி, கீழே ஓர் அடிப்பலகையில் பொருத்தி, நடுவில் போல்ட் விட்டு முறுக்கினால், மேல்நுனி இரண்டும் முதலை வாய் மாதிரி தோலைக் கவ்விக்கொள்ளும். அடிப்பலகை மேல் நாம் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. இரண்டு கையும் சும்மா இருக்கும். கைக்கு ஓர் ஊசி பிடித்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் நூலைக் கோக்கலாம். இதற்கு வெள்ளைக்காரர் வைத்திருந்த பெயர் 'போனி'. குட்டிக் குதிரை.

இங்கேதான் சுகுமாறன் யோசித்தார். புஷ்பவல்லி வீட்டிலிருந்தே பூக்கட்டி விற்கிறவள். பெயரும் தொழிலும் பொருந்திப்போன பெண். அந்த வீட்டில் போணி என்றால் காலையில் ஆகும் முதல் வியாபாரம். தப்பித் தவறி வாயிலிருந்து 'போனி' என்று வந்தால், என்ன வியாபாரம், எவளிடம், எத்தனை முழம் என்று கேள்வி வரும். அதனால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தமிழில் மாற்றிக்கொண்டார். குதிரை.

தம் வாழ்நாளில் அவர் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அது.

கிடங்கில் உடைத்துப் போட்டிருந்த, சரக்கு அடுக்கும் பேலட்டிலிருந்து நான்கு பலகை கொண்டுவந்தார். காலையில் புஷ்பவல்லி கோயில் வாசலுக்குப் பூ கொண்டுபோகும் இரண்டு மணி நேரம்தான் அவருடைய பட்டறை நேரம். பின்பக்கப் பால்கனிதான் பட்டறை. அளந்தார், அறுத்தார், துளை போட்டார். பலகையின் வாய்க்கு உள்பக்கம் பழைய பெல்ட்டை வெட்டி ஒட்டினார். மூன்றாம் நாள் குதிரை எழுந்து நின்றது. அதன்மேல் உட்கார்ந்து, பெருமையோடு நட்டை முறுக்கினார். அது முதலில் கவ்வியது அவருடைய கைலியை. அந்த நேரம் பார்த்து வீரம்மா வாசல் மணியை அடித்தார். நட்டு இறுகிப் போயிருந்தது. ஒரு கையில் கைலி, மறு கையில் குதிரை என்று வாசலுக்குப் போய், கதவை ஒரு சாண் திறந்து, புஷ்பவல்லி வீட்டில் இல்லை என்று சொன்னார். வீரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் குதிரை ஆடியது. உட்கார்ந்தால் பின்பக்கம் சாய்ந்தது. பந்திங்கில் மரப்பெட்டி அடிக்கும் பழைய நண்பர் கமலநாதனுக்குப் போன் போட்டார். மத்தியான நேரம். புஷ்பவல்லி குளிக்கிறாள் என்ற தைரியம். அவள் குழாயை மூடி வெகுநேரமாகிவிட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை.

"குதிரை நிக்க மாட்டேங்குது லா. பின்னங்கால் ஆடுது."

அடியில் ஒரு முக்கோணக் கட்டையைச் சேர்த்து அடிக்கச் சொன்னார் கமலநாதன். முடியாவிட்டால் சனிக்கிழமை எடுத்துவரச் சொன்னார்.

"சனிக்கிழமை கண்டிப்பா வரேன். இந்தக் குதிரைய நம்பித்தான் இருக்கேன். விட்டா மானம் போயிரும்."

மறுநாள் மத்தியானம் புஷ்பவல்லி தரையில் உட்கார்ந்து, நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். தூங்கி எழுந்து வந்தவரை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"குதிரை."

சுகுமாறன் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

போனில் பேசியதைக் கேட்டதாகச் சொன்னாள். தன் பெரியப்பா ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார் என்றாள். ஓடிக்கொண்டிருந்த ஒரு லோரியை அப்படியே குதிரைக்குத் தின்னக் கொடுத்தார். "அவராவது நல்ல குதிரையில போட்டாரு. நீங்க பின்னங்கால் ஆடுற குதிரையில போட்டிருக்கீங்க."

இப்போது அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. குதிரை என்பது பந்தயக் குதிரை இல்லை, மரம் என்று சொல்லலாம். மரம் எதற்கு? பை தைக்க. எந்தப் பை? அதற்குமேல் அழகிரி, வாட்ஸ்அப், நாற்பத்து மூன்று பேர். இன்னொரு வழி, சூதாடி என்று ஒப்புக்கொள்வது. அது இந்த வீட்டுக்குள் இரண்டே பேர் விஷயம். எந்தக் குற்றம் சின்னது என்று நிறுத்துப் பார்த்தார். தலையைக் குனிந்தார்.

"ரெண்டு மாசமா" என்றார்.

"குதிரை பேரு என்ன?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கண் அங்குமிங்கும் அலைந்தது. வாளியில் ரோஜா இருந்தது.

"ரெட் ரோஸ்."

"ஜெயிச்சுதா?"

"மூணாவதா வந்துச்சு."

"எத்தன குதிரையில?"

சுகுமாறனுக்குப் பொய்யில் அனுபவம் போதாது. "மூணு" என்றார்.

புஷ்பவல்லி பூக்கூடைக்குள் குனிந்து எதையோ வெகுநேரம் தேடினாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர் நினைத்தார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

தீர்ப்பு அன்றே சொல்லப்பட்டது. முருகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார். இனி குதிரை இல்லை. மூன்று மாதத்துக்கு பந்திங் இல்லை, கமலநாதன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூவுக்குக் காம்பு கிள்ளிக் கொடுத்தவர், அந்த மூன்று மாதமும் தினம் தூங்கி எழுந்ததும் கிள்ள வேண்டும். செய்யாத தப்புக்கு இவ்வளவு என்றால் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே யோசித்தார்.

முக்கோணக் கட்டையை வீட்டிலேயே அடித்தார். சுத்தியல் சத்தத்துக்குப் பயந்தார். ஆனால் அந்த வாரம் பார்த்து அழுக்குத் துணி அதிகம் என்று புஷ்பவல்லி ஒரு நாளைக்கு மூன்று தடவை வாஷிங் மெஷினைப் போட்டாள். அது கிழட்டு மெஷின், லோரி மாதிரி சத்தம் போடும். எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று சுகுமாறன் நினைத்துக்கொண்டார்.

கிழிந்த இடத்தைக் குதிரை வாயில் கொடுத்து முறுக்கியபோது, பழைய நூல் அறுந்த முனைகள் கறுத்துப் போயிருப்பதைப் பார்த்தார். துருக்கி நூல் அப்படித்தான் இருக்கும் போல. நூலுக்கு மெழுகுவர்த்தி தேய்த்தார். வலது ஊசி, இடது ஊசி, இழு. வலது, இடது, இழு. முதல் நாள் தைத்ததை அவரே அறுத்துப் போட்டார். இரண்டாம் நாள் தையல் கொஞ்சம் நேரானது. நான்காம் நாள் எறும்பு வரிசை மாதிரி ஒரே அளவில், ஒரே சாய்வில் விழுந்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் அவர் ஆரம்பித்து முடித்த முதல் காரியம் அது. யாரிடமும் சொல்ல முடியாது.

பூச்சோங்கில் நிச்சயதார்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது அழகிரி வந்தார். தங்கையின் தோளிலிருந்து பையை வாங்கினார். திருப்பினார். கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தார். தையல் அசையவில்லை.

"பாத்தீங்களா மச்சான்? துருக்கிக்காரன் தையல். நம்ம ஆளுங்க யாராச்சும் இந்த மாதிரி தைப்பானா? நெனச்சுக்கூடப் பாக்க முடியாது."

"முடியாது மச்சான்" என்றார் சுகுமாறன்.

மறுநாள் மத்தியானம் அவர் எழுந்து வந்தபோது கூடத்தில் பூ குவிந்திருந்தது. உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தார். புஷ்பவல்லி பால்கனிக்குப் போனாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பழைய மழைக்கோட்டுக்கு அடியில் அவர் ஒளித்து வைத்திருந்த குதிரையை, விளக்குமாறை எடுத்துவருகிற மாதிரி சாதாரணமாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். முக்காலியில் வைத்து, அடிப்பலகை மேல் உட்கார்ந்தாள். நூல் நுனியை வாயில் கொடுத்து நட்டை முறுக்கினாள். எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இழுத்துப் பார்த்தாள்.

"இப்ப பின்னங்கால் ஆடல" என்றாள். "இத்தன வருஷமா கட்டைவிரல்ல மாட்டி மாட்டி வெரலே கோணிப் போச்சு."

சுகுமாறன் கையில் ஒரு சாமந்தி அப்படியே நின்றது.

"அப்ப குதிரைன்னா இதுதான்னு தெரிஞ்சே..."

"நீங்கதான மூணாவதா வந்துச்சுன்னு சொன்னீங்க. கட்டின புருஷன் சொல்றத நான் நம்பாம வேற யாரு நம்புவா?"

"அப்ப அந்தச் சத்தியம்?"

"அது சாமி முன்னால பண்ணுனது. நடுவுல நான் என்ன சொல்ல முடியும்? மூணு மாசம்னா மூணு மாசம்."

புஷ்பவல்லி மூன்று பூ கட்டி முடித்தாள். பிறகு அவர் மெல்லக் கேட்டார், பை அறுந்தது எப்போது தெரியும் என்று.

"அது போன மாசமே அறுந்துருச்சு. பஸ்ல கதவுல மாட்டி. கன்னையா சித்தப்பா கண்ணு ஆபரேசனுக்குப் போயிருக்காரு. உங்ககிட்ட தைச்சுக் குடுங்கன்னா நாளைக்கும்பீங்க. நீங்களே அறுத்தாத்தான் ஒடனே தைப்பீங்க." நூலை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். "அதுல நல்ல ஊக்கு ஒண்ணு குத்தி வச்சிருந்தேனே, அத எங்க போட்டீங்க?"

சுகுமாறன் கையிலிருந்த சாமந்தியின் காம்பைக் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த பூவை எடுத்தார்.