துருத்தி அண்ணாச்சியும் முதலாளியின் சுட்ட காலும்

காற்று எங்கே ஒழுகுகிறது என்று கன்னத்தாலேயே கண்டுபிடிக்கிற மனிதர் இந்தத் தாமிரபரணிக் கரையில் ஒருவர்தான் இருந்தார். பிள்ளைகளே, அவருக்கு வீட்டில் வைத்த பேர் என்னவென்று அவர் சம்சாரத்துக்கே மறந்திருக்கும். வேதக்கோயில் வேதக்கோயிலாகப் போய் காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியத்தின் துருத்தியில் விழுந்த ஓட்டையை அடைப்பது அவர் தொழில். அதனால் துருத்தி அண்ணாச்சி.

உபதேசியார் உருகி உருகி ஜெபம் பண்ணுவார். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிற நேரம் பார்த்து அண்ணாச்சி ஆர்மோனியத்துக்கு அடியில் ஊர்ந்து போய்விடுவார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தும்முகிற ஆளைக்கூட விடமாட்டார். "ஓய், உமக்கு வலது மூக்குல காத்து வீணாப் போவுது வே" என்பார்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு பஞ்சு வியாபாரியிடம் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன வண்டி. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கொஞ்ச நாளாக, ஓட ஓட எஞ்சின் சூடெல்லாம் பிரேக், கிளட்ச் கால்மிதிகள் நுழைகிற பலகைத் துவாரங்கள் வழியே உள்ளே வந்து அடித்தது. முதலாளியோ முன்னால்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் வண்டி யாருடையது என்று ஊருக்குத் தெரியாதாம். களக்காட்டில் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போகையில், பித்தளைச் சட்டியில் தண்ணீர் வைத்து அதற்குள் காலை விட்டுக்கொண்டு வந்தார். நாங்குநேரி தாண்டுமுன் தண்ணீரெல்லாம் வேட்டியில். அவர் இறங்கியதும் துஷ்டி வீட்டார் அழுகையை நிறுத்திவிட்டு வேட்டியையே பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் முதலாளி சொன்னார்: "ஏலே, ஒரு வாரத்துல இந்தச் சூடு நிக்கணும். இல்லேன்னா வண்டிய வித்துட்டு மாட்டுவண்டி ஏறிருவேன். நீ வேற சோலி பாத்துக்கோ."

சூட்டுக்காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, அன்று சாயங்காலமே துருத்தி அண்ணாச்சியைக் கூப்பிடப் போனேன். மோட்டார் ஓட்டுகிறவன் என்ற ஒரே தகுதியில்தான் எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள்.

துருத்தி அண்ணாச்சி வந்தார். கன்னத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கால்மிதிகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "எஞ்சினைச் சுத்துலே" என்றார். ஊதுபத்தி ஒன்றைப் பிடித்தார். புகை நேராக முதலாளி உட்காரும் இடத்துக்குப் போயிற்று. "எவ்ளோ மரியாதைக்காரக் காத்து பாத்தியா, பெரியவங்களத்தான் தேடிப் போவுது" என்று சிரித்தார். பிறகு துவாரத்தின் ஓரமாக விரலை ஓட்டினார். சிரிப்பு நின்றது.

"இங்கன தோலு அடிச்சிருந்திருக்கு. பிஞ்சு போவல. கத்தியால அறுத்திருக்கான்."

அவர் பார்வை மெல்ல என் காலுக்கு வந்தது.

"செருப்பு நல்லாருக்கே. எங்கன வாங்குனே?"

"டவுண்ல, அண்ணாச்சி."

"டவுண்ல ஆணித்துவாரம் போட்டா விக்கான்?"

குனிந்து பார்த்தேன். இடது செருப்பில் மூன்று துவாரம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, பிள்ளைகளே. அந்தத் தடித்த தோலைத் துரை அழகுக்கு அடித்து வைத்தார் என்று நினைத்தேன். உங்கள் அம்மாவைப் பெண் பார்க்க வெறுங்காலோடு போகப்படாது என்று, அதை அறுத்துச் செருப்புத் தைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து முதலாளி கால் வெந்தது, என் கால் வேகவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை. நான் படித்த படிப்பு அவ்வளவு.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலைல வாரேன். அதுக்குள்ள அந்தத் தோலு இந்தப் பலகைல கெடந்தா, எப்பிடி வந்துச்சுன்னு கேக்க மாட்டேன். எங்கிட்ட இருக்கது துருத்திக்கு ஒட்டுற ஆட்டுத்தோலும் வச்சிரப் பசையுந்தான். சூடு தாங்காது, பாத்துக்கோ."

நான் வைக்கவில்லை. மறுநாள் மாமனார் வீட்டார் கல்யாணத் தேதி பேச வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் வெறுங்காலோடு நிற்க மனசில்லை.

காலையில் வந்தவர் வெறும் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆட்டுத்தோலை ஒட்டினார். முதலாளியை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போய் வந்தோம். பாதி வழியிலேயே பசை உருகிவிட்டது. கொம்பைச் சுட்ட நாற்றம். தோல் கழன்று முதலாளியின் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் முடியோடு வந்தது.

கடைவாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "பாட்டுப்பெட்டி தைக்கிற ஆளுக்கு மோட்டார் எதுக்குவே? காத்தடைக்கத் தெரியாது, துருத்தின்னு பேரு வேற" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தில் ஏதோ முள் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன்.

"எங் கைப்பிழைதான் முதலாளி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாள் வண்டிக்கொட்டகைக்கு வந்தார். எருமைத்தோலுக்கு அடியில் கம்பளி வைத்துத் தைத்து, துவாரங்களுக்கு அளவாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார். "பைய ஆணி அடி. நீயே செஞ்சேன்னு சொல்லிரு. கல்யாணம் வருதுல்லா."

சூடு நின்றது. "துருத்திப் பயலுக்கு வராத புத்தி உனக்கு வந்துச்சே லே" என்று முதலாளி முதுகில் தட்டினார். எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. ஆற்றுப் பாலத்துக் கதை பரவி, இரண்டு ஊர்க் கோயில்காரர்கள் அண்ணாச்சியை விட்டு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அப்போதும் திறக்கவில்லை.

எங்கள் கல்யாணத்தன்று கோயிலில் பழைய ஆர்மோனியம் ஒரு மூச்சும் திணறாமல் பாடியது. எப்படி என்று எட்டிப் பார்த்தேன். யாரும் கூப்பிடாமலே அண்ணாச்சி வந்து தரையில் உட்கார்ந்து, துருத்தியின் கிழிசலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. நான் தலை குனிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ஒரே வெட்கம் என்று உங்கள் அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். வெட்கம்தான், ஆனால் அவள் நினைக்கிற வெட்கம் இல்லை.

அவர் சட்டை முதுகெல்லாம் வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓர் ஓலை விசிறியால் வீசியாவது விட்டிருக்கலாம் நான்.